பதினோரு நாளுக்கு ஆறாயிரமா? மென்பொருள் உரிமத்துக்கு நியாயமாக விலை வைப்பது பற்றி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மார்ச் 20ஆம் தேதி எங்கள் பில்லிங் மென்பொருளை வாங்கினார். விலை 12,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மார்ச் 31ஆம் தேதி நாங்கள் புது வெர்ஷன் வெளியிட்டோம். ஏப்ரலில் புதுக் கணக்குத் தொடங்கும்போது புது வெர்ஷன் கையில் இருக்கட்டும் என்பதைத் தவிர அந்தத் தேதிக்கு வேறு காரணம் இல்லை. பழைய வாடிக்கையாளர்களுக்கு அப்கிரேடு விலை 6,000 ரூபாய் என்று எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி போனது. அவருக்கும் போனது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு போன். "தம்பி, பதினோரு நாளைக்கு ஆறாயிரமா? வகுத்துப் பார்த்தேன், ஒரு நாளைக்கு ஐந்நூத்தி நாப்பத்தஞ்சு ரூபா விழுது. கொலுசுல அரும்பு வைக்கிற ஆளுக்கே நான் அவ்வளவு தர்றதில்லீங்க."

கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் கணக்கு மட்டும் சொன்னார். அதுதான் சங்கடமாகப் போய்விட்டது. புது வெர்ஷனில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொலுசுத் தொழிலில் பாக்கி இரண்டு வகை. கடைக்காரர் கட்டி வெள்ளி கொடுப்பார், பட்டறை அதைக் கொலுசாக்கித் திருப்பித் தரும். 70 டச், அதாவது நூற்றுக்கு எழுபது பங்கு வெள்ளி உள்ள கொலுசு ஒரு கிலோ கொடுத்தால் அதில் சுத்த வெள்ளி 700 கிராம் என்று வரவு வைக்க வேண்டும். அது கிராமில் ஓடும் கணக்கு. கூலி ரூபாயில் ஓடும் கணக்கு. வெள்ளி விலை தினம் தினம் மாறுவதால் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக்க முடியாது. இரண்டு பாக்கியையும் ஒரே பக்கத்தில் அருகருகே காட்டும் வசதியைத்தான் நாங்கள் மார்ச் 31இல் சேர்த்திருந்தோம். மார்ச் 20இல் வாங்கியவருக்கு அது இல்லை.

சரி, இதில் யார் தப்பு? வாங்கும்போது அவர் பார்த்துத்தான் வாங்கினார், நாங்கள் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. சட்டப்படி எங்கள் மேல் குறையே இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு நிம்மதியாகக் காபி குடிக்க முடியவில்லை. மென்பொருளுக்கு விலை வைப்பது ஏன் இவ்வளவு குழப்பமான வேலை என்று நான் முதன்முதலாக உட்கார்ந்து யோசித்தது அன்றைக்குத்தான்.

நகலுக்கு விலை இல்லை

அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு ஜோடி கொலுசு செய்தால் ஒரு ஜோடிக்கு வெள்ளி வேண்டும். இரண்டாவது ஜோடிக்கு மறுபடி வெள்ளி வேண்டும். நம் ஊர் தட்டுவடை செட்டும் அப்படித்தான்: ஒவ்வொரு செட்டுக்கும் தட்டுவடை, துருவிய காரட், பீட்ரூட், சட்னி எல்லாம் புதிதாக வைத்தாக வேண்டும். மென்பொருளில் முதல் பிரதியைச் செய்யத்தான் மாதக்கணக்கில் உழைப்பு. இரண்டாவது பிரதியிலிருந்து செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

வெள்ளி விலைக்குக் கீழே யாரும் கொலுசு விற்க மாட்டார்கள். மென்பொருள் விலைக்கு அப்படி ஒரு தரை கிடையாது. "காப்பி பண்ணித் தர்றதுக்கு எதுக்குங்க பன்னிரண்டாயிரம்?" என்று கேட்பவர்களுக்கு நான் கோபப்படுவதில்லை. அவர்கள் பார்க்கும் பொருளுக்கு உண்மையிலேயே எடை இல்லை. கணினி உலகமே இதில் ரொம்ப நாள் தெளிவில்லாமல்தான் இருந்தது. 1969 வரை ஐபிஎம் என்ற பெரிய கணினிக் கம்பெனி இயந்திரத்தோடு சேர்த்தே மென்பொருளையும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஜூனில்தான் இரண்டையும் பிரித்து, மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தார்கள். மென்பொருளைத் தனியாக விற்கும் தொழில் வளர்ந்ததில் அந்த அறிவிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த குழப்பம், நீங்கள் வாங்குவது எது என்பது. சொத்து விஷயத்தில் நமக்கு வார்த்தைகள் தெளிவாக இருக்கின்றன. கிரயம் என்றால் வாங்கியாயிற்று. போக்கியம் என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து அனுபவித்துக்கொள்ளலாம், கெடு முடிந்தால் பணம் திரும்பி வரும். குத்தகை, வாடகை எல்லாருக்கும் தெரியும். மென்பொருள் உரிமம் இவற்றில் எதுவும் இல்லை. கிரயப் பத்திரத்தில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள" என்று எழுதுவார்களே, அந்த மாதிரி எந்த வாக்கியமும் உரிமத்தில் இருக்காது. உங்கள் கணினியில் வைத்து உபயோகிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். காலவரையற்ற உரிமம் என்றால் அந்த அனுமதிக்குக் கெடு இல்லை. சந்தா என்றால் பணம் கட்டும்வரை அனுமதி. இதில் ஒரு வேடிக்கை: கடையில் சிடியாக விற்கும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரியைப் பொறுத்தவரை ஒரு சரக்குதான் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக வரி போடும்போது சரக்கு, உரிமை கேட்கும்போது அனுமதிச் சீட்டு.

ஒருமுறை விலை ஏன் நிற்காது

எங்கள் கணக்கையே சொல்கிறேன், எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக்கியிருக்கிறேன். அஸ்தம்பட்டியில் சின்ன ஆபீஸ், மூன்று பேர், கரண்ட், நெட் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 9 லட்சம் ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். ஒரு உரிமம் 12,000. வருடத்துக்கு 75 புது வாடிக்கையாளர் வந்தால் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும்.

முதல் வருடம் 75 பேர் போன் செய்வார்கள். இரண்டாம் வருடம் 150 பேர். ஐந்தாம் வருடம் 375 பேர் போன் செய்வார்கள், அதில் அந்த வருடம் பணம் கொடுத்தவர்கள் 75 பேர் மட்டும். பழைய 300 பேருக்கான வேலையை இந்த 75 பேரின் பணத்தில் செய்கிறோம். செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் எத்தனை பட்டறை இருந்தாலும் ஒருநாள் புது ஆள் வருவது குறைந்துதான் தீரும். புதிதாக வருபவர் பணத்தில் பழையவரைச் சமாளிக்கும் ஏற்பாடு எப்படி முடியும் என்று 2012இல் ஈமு கோழியில் பணம் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் மோசடி இல்லை, ஆனால் கூட்டல் கழித்தல் அதேதான்.

"ஒரே தடவை காசு, வாழ்நாள் முழுக்க இலவச அப்டேட்" என்று யாராவது விற்றால், அது யாருடைய வாழ்நாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதே 9 லட்சத்தை வேறு விதமாகவும் தேற்றலாம். பழைய வாடிக்கையாளர் வருடத்துக்கு 3,600 ரூபாய் ரினியூவல் கட்டினால் 250 பேர் போதும். எல்லாரும் கட்ட மாட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் கட்டுவார்கள் என்று வைத்தால் மொத்தம் 417 வாடிக்கையாளர் இருந்தால் புது ஆள் ஒருவர்கூட வராவிட்டாலும் கடை ஓடும். யூபிஎஸ்ஸுக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கும் ஏஎம்சி என்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோமே, அந்த வழிதான். டேலி என்ற கணக்கு மென்பொருளை உபயோகிக்கும் கணக்காளர்களுக்கு இது பழக்கமான விஷயம்: உரிமம் காலவரையற்றது, டிஎஸ்எஸ் என்ற சேவைக்கு மட்டும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் கையில் இருக்கும் வெர்ஷன் ஓடும், புதியது வராது.

ஆக விலைக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. வாங்கிய அன்று கையில் கிடைத்த பொருள் ஒன்று, அதற்குப் பிறகு நடக்கும் உழைப்பு இன்னொன்று. என் அனுபவத்தில் பாதிச் சண்டை இவை இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டுக் குழப்புவதால் வருகிறது. பதினோரு நாள்காரர் கொடுத்த 12,000இல் பொருளுக்கு எவ்வளவு, பிறகு வரும் உழைப்புக்கு எவ்வளவு, அந்த உழைப்பு எந்தத் தேதி வரைக்கும் என்று நாங்கள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

தொண்ணூறும் தொண்ணூற்றேழும்

அவருக்குப் புது வெர்ஷனைச் சும்மா கொடுத்துவிட்டோம். அதோடு நிறுத்தாமல் ஒரு விதியும் போட்டேன்: கடந்த 90 நாளில் வாங்கிய எல்லாருக்கும் இலவச அப்கிரேடு. பெரிய கம்பெனிகள் பல வருடங்களாகச் செய்யும் வழக்கம்தான். முப்பது நாள், அறுபது நாள் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

இந்த மாதிரி வாக்குறுதி இல்லாவிட்டால் விற்பவருக்கும் நஷ்டம். ஆடித் தள்ளுபடி வரப்போகிறது என்று தெரிந்தால் ஆனி கடைசியில் யார் துணி எடுப்பார்கள்? புது வெர்ஷன் வரப்போகிறது என்று வாய்விட்ட அன்றே பழையதன் விற்பனை நின்றுவிடும். 1983இல் திவாலான ஆஸ்போர்ன் கணினிக் கம்பெனி, வரப்போகும் மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசித்தான் கெட்டது என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். அது மட்டுமே காரணம் இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு, ஆனால் பயம் நியாயமானது. "இப்போது வாங்கினாலும் புதியது சும்மா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

விதி போட்ட நாலாம் நாள் இன்னொரு போன். பதினோரு நாள்காரர் பட்டறைக்கு நாலு கடை தள்ளி இருப்பவர். அவர் வாங்கி 97 நாள் ஆகியிருந்தது. காலையில் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். "அவருக்குச் சும்மா, எனக்கு ஆறாயிரம். ஏழு நாள்ல நான் என்ன பண்ணிட்டேனுங்க?"

இதைத்தான் நான் பெஞ்சு சோதனை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாடிக்கையாளர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பேசிக்கொண்டால், அந்த வித்தியாசத்துக்கு நம்மால் கூச்சப்படாமல் காரணம் சொல்ல முடிகிறதா? செவ்வாய்ப்பேட்டையில் இந்தச் சோதனை தினமும் நடக்கும், நாம் வைக்க வேண்டியதே இல்லை. 90ஆம் நாள் பூஜ்யம், 91ஆம் நாள் ஆறாயிரம் என்பது படிக்கட்டே இல்லாத மாடி மாதிரி. எல்லையை எங்கே போட்டாலும் அதன் அந்தப் பக்கத்தில் ஒருவர் ஒரு நாள் வித்தியாசத்தில் நிற்பார்.

படிக்கட்டு கட்டினோம். எங்கள் பெரிய வெர்ஷன்கள் சுமாராக 24 மாதத்துக்கு ஒருமுறை வரும். 6,000 ரூபாயை 24ஆல் வகுத்தால் மாதத்துக்கு 250. வாங்கி எத்தனை முழு மாதம் உபயோகித்தீர்களோ அத்தனை 250 கொடுத்தால் போதும். பதினோரு நாளுக்கு ஒன்றும் இல்லை. 97 நாள் என்றால் மூன்று முழு மாதம், 750 ரூபாய். ஒரு வருடம் என்றால் 3,000. இரண்டு வருடமும் அதற்கு மேலும் என்றால் முழு 6,000. பழைய வெர்ஷனை அதிகக் காலம் அனுபவித்தவர் அதிகம் கொடுக்கிறார். காரணம் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

நாலு கடை தள்ளி இருப்பவரிடம் 750 என்றேன். "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருக்கலாம்.

இந்த முறையிலும் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொருவர் வாங்கிய தேதியையும் தேடி, ஒவ்வொருவருக்கும் தனி விலை போட வேண்டும். இதைவிட எளிதான வழி, புது வெர்ஷன் வரும் தேதியை விட்டுவிட்டு வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவது. யார் எந்த நாளில் வாங்கினாலும் அன்றிலிருந்து 365 நாளுக்கு வருவதெல்லாம் அவருக்கு. அதற்குப் பிறகு கட்டினால் இன்னொரு 365 நாள். மேக் கணினியில் வடிவமைப்பாளர்கள் உபயோகிக்கும் ஸ்கெட்ச் என்ற மென்பொருள் 2016இல் இந்த வழிக்கு மாறியது. நாங்களும் அடுத்த வருடத்திலிருந்து இதற்குத்தான் வந்தோம்.

இதில் இன்னொரு நல்லது உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரிய வெர்ஷனுக்கு மட்டும் காசு என்றால், செய்து முடித்த வசதிகளைக்கூட வெளியே விடாமல் மூட்டை கட்டி வைக்கத் தோன்றும். இரண்டு வருடம் சேர்த்து ஒரே நாளில் அவிழ்த்தால்தானே ஆறாயிரம் கேட்க முடியும்? வருடக் கணக்கு என்றால் முடிந்த வேலையை அந்த வாரமே கொடுத்துவிடலாம்.

ஆனால் அந்த 365 நாளில் நாங்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால்? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அந்த வருடம் சொல்லும்படியாக எதுவும் வராவிட்டால் காலத்தை ஆறு மாதம் நீட்டுவோம் என்று எழுதினோம். அதேபோல் கெடு முடிந்த முப்பது நாளுக்குள் புது வெர்ஷன் வந்தால் அதுவும் அவருக்கு உண்டு. இல்லாவிட்டால் பதினோரு நாள் சண்டை வாசலில் இருந்து கொல்லைப்புறத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

சந்தா பற்றி

2013 மே மாதம் ஃபோட்டோஷாப் செய்யும் அடோபி கம்பெனி, இனிமேல் பெட்டியில் போட்டு விற்பதில்லை, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய சிஎஸ்6தான் காலவரையற்ற உரிமத்தில் வந்த கடைசித் தொகுப்பு. அதன் பிறகு ஆளாளுக்குச் சந்தா.

சந்தாவே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் 400 ரூபாய் கொடுத்து மூன்று மாதம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிறவருக்கு 10,800 மிச்சம். தொடங்கும்போது கையில் காசில்லாத சின்னப் பட்டறைக்கு அதுதான் வசதி. உறுத்துவது ஒன்று. பத்து வருடம் வாடகை கொடுத்தவனுக்கும் பத்து நாள் வாடகை கொடுத்தவனுக்கும் காலி செய்யும்போது கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: ஒன்றுமில்லை.

இதற்கு நான் பார்த்ததில் அழகான தீர்வு ஜெட்பிரெயின்ஸ் செய்தது. நிரல் எழுதுபவர்களுக்கான கருவிகள் செய்யும் கம்பெனி. 2015இல் அவர்களும் சந்தா மட்டும் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் கிளம்பிச் சத்தம் போட்ட பிறகு திருத்தினார்கள்: தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டினால், அந்தப் பன்னிரண்டு மாதத்தின் தொடக்கத்தில் இருந்த வெர்ஷன் நிரந்தரமாக உங்களுடையது. பிறகு கட்டுவதை நிறுத்தினாலும் அது ஓடும். வாடகை கொடுக்கக் கொடுக்க வீட்டில் ஒரு அறை நம் பெயருக்கு எழுதப்படுவது மாதிரி. தொடர்ந்து கட்டுபவருக்கு இரண்டாம் வருடம் 20 சதவீதமும் மூன்றாம் வருடத்திலிருந்து 40 சதவீதமும் குறைத்தார்கள். பழைய ஆளுக்கு விலை குறைகிறது என்பதைக் கவனியுங்கள். நம்மில் பல கம்பெனிகள் புது ஆளுக்குத்தான் தள்ளுபடி கொடுக்கின்றன, பழைய ஆள் எங்கே போய்விடுவார் என்ற தைரியத்தில்.

கெடு முடிந்த மறுநாள் என்ன நடக்கும்

விலையைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு சம்பவம் சொல்கிறேன், இரண்டும் எங்கள் மென்பொருள் இல்லை.

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, நவராத்திரி முதல் நாள். ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்ட நாள். சோப்பு, ஷாம்பு, பற்பசை 18இலிருந்து 5 ஆயிற்று. நெய் 12இலிருந்து 5 ஆயிற்று. லீ பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் கடையில் காலை எட்டு மணிக்கே சுண்டல் கடலைக்குக் கூட்டம். அவருடைய பில்லிங் மென்பொருளில் வரி விகிதத்தை மாற்றும் இடம் பூட்டியிருந்தது. ரினியூவல் முடிந்து ஒரு மாதம், கட்டினால்தான் திறக்கும் என்று பதில். பணம் அனுப்பி, பூட்டைத் திறக்கும் கீ வந்து, எல்லாம் சரியாவதற்குள் பதினோரு மணி. அதுவரை கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினார்கள்.

என் கணக்கில் வேலைகள் மூன்று வகை. நாம் செய்த பிழையைத் திருத்துவது ஒன்று. அதற்கு ரினியூவல் இருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. கூட்டல் தப்பாக வந்தால் அது விற்ற அன்றே தப்பாக இருந்த பொருள். புது வசதி சேர்ப்பது இன்னொன்று. அதற்குத் தாராளமாகக் காசு கேட்கலாம். நடுவில் வருவது சட்ட மாற்றம். செப்டம்பர் 3ஆம் தேதி கூட்டத்தில் முடிவெடுத்து 22ஆம் தேதி அமலுக்கு வந்ததைப் போல, நாமும் வாடிக்கையாளரும் கேட்காமலேயே வந்து நிற்கும் வேலை. இதில் நான் ஒரு கோடு போட்டிருக்கிறேன். வரி விகிதம் வெறும் எண், அதைக் கடைக்காரரே தட்டச்சு செய்து மாற்ற முடிய வேண்டும், எந்தப் பூட்டும் கூடாது. பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின்னணு விலைப்பட்டியல் மாதிரி முழுசாகப் புது வேலை என்றால் அது எங்கள் உழைப்பு, ரினியூவல் வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய அது 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேலே உள்ளவர்களுக்கு என்று இறங்கி வந்தபோது எங்கள் வாடிக்கையாளர் சிலரும் உள்ளே வந்தார்கள். அவர்களிடம் காசு கேட்க எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொரு சம்பவம் ஏற்காட்டில். காபிப் பழம் பறிக்கும் காலம், சனிக்கிழமை, கூலி போடும் நாள். ஒரு எஸ்டேட் ஆபீஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக மழை, நெட் இல்லை. ஆள் வருகையையும் கூலியையும் பதியும் அவர்களுடைய மஸ்டர் கணக்கு மென்பொருள் மாதம் ஒருமுறை சர்வரைத் தொட்டுப் பார்த்துச் சந்தா கட்டியாயிற்றா என்று கேட்குமாம். அன்றைக்குத்தான் அந்த நாள். சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் "உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்று திரை மூடிக்கொண்டது. யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்ற ஆறு நாள் கணக்கும் அதற்குள். வெளியே ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசாமல் மேஜை அறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். இந்தப் பெட்டியை நம்பாமல் அவர் தினமும் அதிலும் எழுதி வைத்திருந்தார்.

மென்பொருள் விற்றவருடையது. உள்ளே இருக்கும் கணக்கு வாங்கியவருடையது. கெடு முடிந்தால் புதிதாகப் பதிவதை நிறுத்தலாம், அதுவும் சந்தாவில் மட்டும். பழைய கணக்கைப் பார்ப்பதையும் அச்செடுப்பதையும் வெளியே எடுத்துக்கொண்டு போவதையும் தடுக்கக் கூடாது. நெட் இல்லாத மலைக்கு விற்கிறோம் என்றால் சரிபார்க்க ஒரு மாதமாவது கூடுதல் அவகாசம் வேண்டும்.

விட்டுவிட்டுக் கட்டுபவர்

நியாயம் வாங்குபவருக்கு மட்டும் இல்லை, ஒழுங்காகக் கட்டும் இன்னொரு வாங்குபவருக்கும் வேண்டும். முதல் வருடத்துக்குப் பிறகு மூன்று வருடமும் ரினியூவல் கட்டியவர் நாலு வருடத்தில் 12,000 உடன் 10,800 சேர்த்து 22,800 கொடுத்திருப்பார். நடுவில் இரண்டு வருடம் கட்டாமல் விட்டு நாலாம் வருடம் மட்டும் 3,600 கட்டியவர் 15,600இல் அதே வெர்ஷனைப் பிடித்துவிடுவார். பெஞ்சு சோதனையில் முதல் ஆள் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

சிலர் விட்ட வருடங்களுக்கெல்லாம் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த இரண்டு வருடம் அவருக்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லையே. நாங்கள் வைத்திருப்பது: கெடுவுக்குள் கட்டினால் 3,600, கெடு தாண்டினால் 7,200, அன்றிலிருந்து ஒரு வருடம். அவருக்கு மொத்தம் 19,200 ஆகும். ஒழுங்காகக் கட்டியவரைவிடக் குறைவுதான், ஆனால் இரண்டு வருடம் பழைய வெர்ஷனோடு காலம் தள்ளியிருக்கிறார். எப்படி இருந்தாலும் தாமத விலை புது உரிமத்தின் விலையைத் தாண்டக் கூடாது.

எத்தனை கணினிக்கு, எத்தனை ஆளுக்கு என்று விலை வைப்பது தனிக் கதை. சுருக்கமாக, கடைக்கு ஒரு விலை வைத்து நாலாவது கணினியிலிருந்து கூடுதல் கேட்பது எங்களுக்குச் சரியாக வருகிறது. பில் எண்ணிக்கைக்குக் காசு கேட்டால் தீபாவளி சமயத்தில் வாடிக்கையாளர் நம்மைத் திட்டிக்கொண்டே பில் போடுவார்.

கடைசித் தேதியை முன்கூட்டியே சொல்வதில் மைக்ரோசாஃப்டைப் பாராட்டத்தான் வேண்டும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 என்று வருடக்கணக்கில் முன்பே நாள் குறித்துச் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேர், அவ்வளவு தூரம் நாள் குறிக்க முடியாது. எந்த வெர்ஷனுக்கும் பிழை திருத்தம் மூன்று வருடம் உண்டு என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து நாலு கடை தள்ளி இருப்பவரிடம்தான் முதலில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். கொலுசைத் தராசில் வைப்பதற்கு முன் புரட்டிப் பார்ப்பது மாதிரி பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதானுங்க. நீங்க கம்பெனியை மூடிட்டா?"

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அவர் மேஜையில் இருந்த பேனாவையே வாங்கி அடியில் எழுதினேன்: நாங்கள் தொழிலை நிறுத்தினால், கீ கேட்காத கடைசி வெர்ஷன் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நிறுத்துவோம். தேதி போடச் சொன்னார், போட்டேன். அடுத்த முறை அச்சடித்தபோது அந்த வரியை முதல் வரியாக வைத்தோம். அவர் மட்டும் இன்னும் கையால் எழுதிய பக்கத்தைத்தான் கல்லாவுக்குள் வைத்திருக்கிறார்.